ஒப்பீட்டுக் குழந்தை

ஜூன் 3, திங்கள்

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். இன்றோடு அறுபத்தொரு முகவரிகள் பொய் என்று உறுதியாகிவிட்டது. ஒன்று கல்யாண மண்டபம். இன்னொன்று பரமத்தி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே நின்ற பையனிடம் கேட்டதற்கு, "இங்க யாரும் குடியிருக்கறதில்லீங்க, பெட்ரோல்தான் போடறோம்" என்றான். கூட வந்த நர்ஸ் ரெஜினா அக்கா வண்டி வரும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை பெற்றுப் பிறந்த குழந்தைகள் இப்போது எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. உயரம், எடை, ரத்த அழுத்தம், ஒரு சிறுநீர்ச் சோதனை. பின்னால் எப்போதாவது தொடர்புகொள்ளலாம் என்று பெற்றோர் அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துகள் உண்மையானவை. முகவரிகள்தான் இல்லை.

மதியம் அந்த அறுபத்தொன்றில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "குழந்தைகள் வளர்ச்சி ஆய்விலிருந்து பேசுறேன் சார்."

"அந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் நாங்க போனதே இல்லீங்க."

நான் எந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை. மூன்று 'ராங் நம்பர்'. ஒரு பெண், "எங்களுக்குக் குழந்தையே இல்லீங்க" என்றாள். பின்னால் ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

ஹேமலதா மேடத்துடன் கூட்டம். இந்த ஆய்வின் தலைவர் அவர்தான். கோபப்படமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்று மூன்று முறை துடைத்தார்.

சிகிச்சையால் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழந்தை வேண்டும். அதே வயது, அதே பால், அதேபோன்ற வீடு, அதே சாப்பாடு. முதல் வகைப் பெற்றோருக்குக் கொடுக்கும் விவரத் தாள் பச்சை. அதில் 'குழந்தைகள் வளர்ச்சி ஆய்வு' என்பதோடு சரி, சிகிச்சை என்ற சொல் எங்கும் கிடையாது. தெரிந்த பெற்றோருக்குத் தெரியும், மற்றவர் கண்ணில் பட்டாலும் ஆபத்தில்லை. ஒப்பீட்டுக் குழந்தைகளின் பெற்றோருக்கு மஞ்சள் தாள். மாதக் கடைசிக்குள் நூற்றைம்பது ஜோடிகள் சேராவிட்டால் அடுத்த கட்ட நிதி கிடையாது என்றார்.

"இதுவரைக்கும் வந்ததெல்லாம் டவுன்ல இருக்கற படிச்ச குடும்பங்கதான், மங்கை. மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க. புள்ளைங்க நல்லாத்தான் இருக்கும். வராதவங்க வீட்டுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

திரும்பும்போது பேருந்தில் இரண்டு தாள்களையும் முழுதாக வாசித்தேன். எதைக் கண்டாலும் வாசித்துவிடும் பழக்கம் எனக்கு. சீயக்காய்ப் பொட்டலத்தைக்கூட விடுவதில்லை.

ஜூன் 19, புதன்

கரட்டுப்பாளையம். காவிரிக்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வாழைத்தோட்டங்கள் நடுவில். ஒரே வளாகத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் இரண்டு வீடுகள், முன்கட்டில் அவர்களுடைய அப்பா.

பெரிய மருமகள் தேன்மொழி வாசலிலேயே என்னைத் தடுத்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். பச்சைத் தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, சிகிச்சை என்ற சொல் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"ஒன்பது வருசம் புள்ள இல்லீங்க. தையல் கிளாசுன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். அதே நேரத்துல எங்க மாமனார் பொன்காளியம்மனுக்கு வேண்டிக்கிட்டாருங்க. புள்ள பொறந்ததும் கோயில் கல்லுல பேரு வெட்டி வெச்சுட்டாரு. ஆடிப் பதினெட்டுக்கு மொதத் தீர்த்தக் குடம் அவதான் எடுப்பா. ஊரே அவளச் சாமி குடுத்த புள்ளைன்னுதான் சொல்லும்."

"நீங்க மறுத்துச் சொல்லலையா?"

"எப்புடீங்க சொல்றது? அந்த மனுசன் கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டுட்டாரு."

மகள் பொன்மதிக்குப் பத்து வயது. மெலிந்த கை. ரெஜினா அக்கா சிறுவர்களுக்கான ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி அழுத்தினார். 138/92. எங்களிடம் உள்ள அட்டவணைப்படி இந்த வயதுக்கு மிக அதிகம்.

"என்ன கண்ணு, ஓடியாந்தியா?"

"இல்லக்கா, உக்காந்து டிவி பாத்துட்டிருந்தேன். இன்னொருக்கா அமுக்குங்க, கை பலூன் மாதிரி ஆகுது."

இன்னும் இரண்டு முறை அமுக்கினோம். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. வேறு இரண்டு நாட்களில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று தேன்மொழியிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அப்போது சின்ன மருமகள் வசுமதி தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். "பெரிய வீட்டுப் புள்ளைக்கு மட்டுந்தான் பாப்பீங்களா? என்ற புள்ளையும் பாருங்க மேடம்." ஸ்ரீநிதி. ஒன்பதரை வயது. அதே தாத்தா, அதே கிணற்றுத் தண்ணீர். இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு கிடைக்காது. 102/64.

படிவங்கள் பூர்த்தி செய்யப்பட்டன. ஜோடி எண் 117 முழுமை.

ஜூன் 20, வியாழன்

மேடத்திடம் 138/92 பற்றிச் சொன்னேன். "பத்து நாளுக்குள்ள மறுபடி பாரு. விட்டுடாதே" என்றார்.

அறையைப் பெருக்கினேன். மிளகு ரசம் வைத்தேன். வெளிநாட்டுக் கட்டுரைகள் மூன்றை வாசித்தேன். ஒன்று இந்தக் குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்கிறது, இன்னொன்று வேறுபாடே இல்லை என்கிறது, மூன்றாவது இன்னும் ஆராய வேண்டும் என்கிறது. மூன்றுமே கடைசிப் பத்தியில் ஒரே குறையைச் சொல்கின்றன. பாதிக் குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

ஜூன் 26, புதன்

காலையில் தேன்மொழி அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

"வசுமதி கையில என்னத்தக் குடுத்துட்டுப் போனீங்க?"

மஞ்சள் தாள். இரண்டாம் பத்தி. 'சிகிச்சை இன்றி இயல்பாகக் கருத்தரித்துப் பிறந்தவர் என்பதால் உங்கள் குழந்தை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்.'

வசுமதி ஒரு வாரம் அதை வைத்துப் பார்த்திருக்கிறார். நேற்று மாமனாருக்குச் சோறு போடும்போது கேட்டாராம்: "மாமா, என்ற புள்ள இயல்பாப் பொறந்தவளாம், ஒப்பிட்டுப் பாக்கறாங்களாம். அன்னிக்கு வந்து பாத்தது ரெண்டே புள்ளைங்கதான். அப்ப இன்னொண்ணு எப்புடிப் பொறந்துச்சு?"

பெரியவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாராம்.

இனி வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்றார் தேன்மொழி. மறுபடி அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துண்டித்துவிட்டார்.

தாளில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பங்கேற்பவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நெறிமுறைக் குழு வற்புறுத்திச் சேர்த்த வரி. தவறு படிவத்தில் இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

போகக் கூடாது என்றாலும் போனேன். கேட் பூட்டியிருந்தது. வசுமதி எருமைக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"பெரிய வீட்டுல யாரையும் பாக்க முடியாதுங்க."

"பொன்மதிக்கு ஒரு தடவை பி.பி. பாக்கணும். அவ்வளவுதான்."

"என்னைய வில்லி மாதிரிப் பாக்காதீங்க மேடம். நீங்க குடுத்ததைத்தான் படிச்சேன். பத்து வருசமாச் சாமி குடுத்த புள்ள, சாமி குடுத்த புள்ளைன்னு அவ முன்னால போறா, என்ற புள்ள பின்னால போறா. என்ற புள்ளைய யாரு குடுத்தா? ரேசன் கடையிலயா?"

அவரே சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக்கு நெசமாவே ஏதாச்சுங்களா?"

"இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"மாமா வெள்ளிக்கெழம கோயில்ல பூக் கேக்கறாருங்க. அதுக்கப்பறம் பாருங்க" என்று உள்ளே போய்விட்டார்.

வழியில் டீக்கடைக்காரர் விளக்கினார். இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். நினைத்துக் கேட்டதற்கு வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

வெள்ளை வந்ததாம்.

தேன்மொழி குளியலறையிலிருந்து பேசினார். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு இடையில் பாதிச் சொற்கள்தான் கேட்டன. இந்தப் பிள்ளை ஆத்தா கொடுத்ததுதானா என்று பெரியவர் கேட்டிருக்கிறார். பொட்டலத்தை எடுத்தது பொன்மதியே. பிரித்துப் பார்த்ததும் கோயிலிலேயே அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு அழுதாராம். வசுமதியைப் பார்த்து, இனி இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் இருக்க முடியாது என்றாராம்.

"அப்போ நல்லதுதானே? இப்போ செக்கப்புக்குக் கூட்டிட்டு வரலாமில்ல?"

"கேட்டுப் பாத்தேனுங்க. எங்காத்தா குடுத்த புள்ளைக்கு என்ன நோவு வந்துரும்ங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஆத்தா வாக்க நம்பலைன்னு ஆயிருமாம்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் அழைத்திருக்கிறார். ஆனால் வைக்காமல் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூலை 7, ஞாயிறு

தவறு படிவத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன்.

மஞ்சள் தாளின் அந்த வரியைப் பேருந்திலேயே வாசித்திருந்தேன். ஒப்பீட்டுக் குழந்தையை அதே குடும்பத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று அப்போதே தோன்றியது. மேடத்திடம் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். கரட்டுப்பாளையத்தில் வசுமதி மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றபோது அந்த வரி என் நினைவில் இருந்தது. நூற்றுப் பதினாறு ஜோடிகள் முடிந்திருந்தன. யார் இதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வாசிப்பது என்பது என்னைப் போன்றவர்கள் மட்டுமே செய்வது என்று.

"படிவங்கள் பூர்த்தி செய்யப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன். கொடுத்தது நான்.

ஜூலை 14, ஞாயிறு

பள்ளிக்கூட ஷூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு தேன்மொழியும் பொன்மதியும் என் வீட்டுக்கு வந்தார்கள். பொன்மதி என் அலமாரிப் புத்தகங்களின் முதுகைத் தலையைச் சாய்த்துச் சாய்த்து வாசித்தாள். "இவ்வளவையும் படிச்சுட்டீங்களாக்கா? பரீச்சை வெப்பாங்களா?" வைக்க மாட்டார்கள் என்றதும், பிறகு ஏன் என்பதுபோல் பார்த்தாள்.

கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தேன். 142/94. மறுபடி 140/94.

அடிக்கடி தலை வலிக்குமா என்று கேட்டேன். "வெயில்ல போனா வலிக்கும். யாருக்குத்தான் வலிக்காது?" என்றாள் பெரிய மனுஷிபோல.

அவளிடம் ஒரு படக்கதையைக் கொடுத்து முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, தேன்மொழியிடம் சமையலறையில் பேசினேன். மூன்றாவது நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், சிறுநீரகத்தைப் பார்க்கும் டாக்டரிடம் உடனே போக வேண்டும், இந்த வயதில் இவ்வளவு ஏறினால் பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு விரதம் இருந்து, வெறுங்காலில் ஆறேழு மைல் குடம் சுமக்கவிடக் கூடாது.

அவர் அடுப்பு மேடையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனதாலதானுங்களா?"

எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். சிகிச்சையாக இருக்கலாம். அவள் எட்டாம் மாதத்தில் எடை குறைவாகப் பிறந்ததாக இருக்கலாம். பெற்றோரின் வயதாக, ஒன்பது வருடம் குழந்தை உண்டாகாமலிருந்ததற்கு எது காரணமோ அதுவாக இருக்கலாம். இது எதுவுமே இல்லாமல், எந்தக் குழந்தைக்கும் வருவதாகவும் இருக்கலாம். இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

"தெரியாதுங்க" என்றேன்.

"இவ்வளவு படிச்சிருக்கீங்க."

"ஆமாங்க. தெரியாது."

போகும்போது, "ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஏன்னு சொல்லணும். சொன்னா அவ சாமி குடுத்த புள்ள இல்லைன்னு ஆயிரும். சொல்லலைன்னா..." என்று நிறுத்திவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஷூ வாங்க மறந்துவிடாதீர்கள் என்று மேலிருந்து சொன்னேன்.

ஜூலை 16, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் தாள் பற்றியும். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "வெளியிலயிருந்து நாம போலீஸ் மாதிரி அந்த வீட்டுக்குள்ள நுழைய முடியாது. ஆனா ரெண்டு வாரத்துல அவங்க வரலைன்னா நானே போறேன்" என்றார்.

ஜூலை 22, திங்கள்

தேன்மொழியின் எண் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. வசுமதியின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தார். "ஸ்கூலுக்குப் போயிருக்காங்க புள்ளைங்க ரெண்டு பேரும்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஜூலை 29, திங்கள்

நேற்று விரதத்தின் மூன்றாம் நாள். பொன்மதி பூஜையறையில் தலைவலியால் சுருண்டு வாந்தியெடுத்திருக்கிறாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்றிருக்கிறாள். பெரியவர் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருக்கிறார்.

வசுமதி இன்று அழைத்துச் சொன்னார். குரலில் வழக்கமான கூர்மை இல்லை.

"அக்கா நடுவூட்டுல நின்னு கத்திருச்சுங்க. ஊரே கேட்ருக்கும். 'மாமா, இவ சாமி குடுத்த புள்ள இல்ல. நான் ஊசி போட்டுப் பெத்த புள்ள. ஊசி போட்ட டாக்டருங்ககிட்டத்தான் காட்டோணும். வழிய விடுங்க'ன்னு. மாமா வாசப்படியில உக்காந்துட்டாரு. நாங்க அவரத் தாண்டித்தான் புள்ளையத் தூக்கிட்டு வந்தோம். என்ற வீட்டுக்காரருதான் கார் ஓட்டுனாரு."

"நீங்களும் கூடவே போயிருக்கீங்களா?"

"பின்ன? என்ற மடியிலதான் படுத்திருந்தா."

கோயம்புத்தூரில் சேர்த்திருக்கிறார்கள். வந்தபோது 176/112.

ஜூலை 31, புதன்

இடது சிறுநீரகம் சுருங்கித் தழும்பேறியிருக்கிறது. வலது பக்கம் வேலை செய்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது அடிக்கடி காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டாராம். வந்தது, திருநீறும் காய்ச்சல் மருந்தும் கொடுத்தோம் என்றிருக்கிறார் தேன்மொழி. சிறுநீர்த் தொற்றை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் அவரும் சொல்கிறார். காலம் முழுக்க மாத்திரை, அளவான உப்பு. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் மூளையைத் தாக்கியிருக்கும்.

நான் பார்க்கப் போனபோது பொன்மதி தூங்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி, விரதத்தை இன்னும் முடிக்கவில்லை. பேருந்தில் வந்தாராம், காரில் இடம் இருந்தும். அவரை நான் அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நீதான் அந்தத் தாள் குடுத்த அம்மிணியா?"

"ஆமாங்க. நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். நகர்ந்து உட்கார இடம் விட்டார்.

"அவ கையாலதானே எடுத்தா, வெள்ளப் பூவு" என்றார். "அப்ப எங்காத்தா ஒண்ணுமே பண்ணலியா அம்மிணி?"

தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். விரதம் என்று மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. கரட்டுப்பாளையத்தில் முதல் குடம் ஸ்ரீநிதிக்கு. பாதி வழியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "அக்கா வந்ததும் எடுக்கலாம்" என்று அழுதாளாம். வசுமதி அடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தேன்மொழி அலுவலகத்துக்கே வந்தார். வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. பெரியவர் பேத்தியிடம் பேசுகிறார், மருமகளிடம் பேசுவதில்லை. ஊரில் பெண்கள் பொன்மதியின் முகத்தை உற்றுப் பார்க்கிறார்களாம், யார் சாயல் என்று. கணவரின் சாயல்தான், அச்சு அசல். இருந்தும் பார்க்கிறார்கள்.

"ஒரு கையெழுத்துப் போட வந்தேனுங்க. எங்க பேரை எடுத்துருங்க."

இனி மறைக்க ஒன்றும் இல்லையே, இருந்தால் மற்றக் குழந்தைகளுக்கு உதவும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாளைக்கு உங்க கணக்குல, ஊசி போட்டுப் பொறந்த புள்ளைங்களுக்குக் கிட்னி கெடும்னு எழுதுவீங்க. அத எவளாச்சும் படிச்சுட்டு, எனக்கு ஊசியே வேண்டாம்னு சொல்லிருவா. என்ற மாதிரி ஒன்பது வருசம் காத்திருந்தவ. இல்லைன்னா அவ மாமியா படிப்பா. என்ற புள்ள எதுக்கும் சாட்சியா இருக்க வேண்டாமுங்க. அவ புள்ளையா இருந்தாப் போதும்."

ஒரு குழந்தையை வைத்து அப்படியெல்லாம் எழுத மாட்டோம் என்றேன்.

"அப்பறம் ஒரு குழந்தை போனா என்ன?" என்றார்.

விலகல் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எண் 117 அழிக்கப்பட்டது. இல்லை. எண் 117-ஐ அழித்தேன். ஜோடி என்பதால் ஸ்ரீநிதியும் போனாள். சேர்ந்திருந்த நூற்றைம்பதில் நூற்று நாற்பத்தொன்பது மிச்சம். சிகிச்சைக் குழுவின் சராசரி ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, 0.2 அளவுக்கு. கணினி ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் மேடம் கட்டுரையின் முதல் வரைவை அனுப்பினார். இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். கடைசிப் பத்தியை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். கண்டுபிடிக்க முடியாத அறுபத்தொரு குடும்பங்களைப் பற்றி எழுதினேன். விலகிய ஒரு குடும்பம் என்றும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தெரிவிக்கப்படவில்லை' என்று போட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஏழு நாட்களாகக் காலையில் தேன்மொழியிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. வணக்கம்கூட இருக்காது. இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. வீட்டிலேயே கருவி வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. நானும் கட்டைவிரல் படத்தைத் தவிர எதுவும் அனுப்புவதில்லை. அழுத்தம் ஏறினால் டாக்டரை அழைக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் உடனே பார்த்துவிடுகிறேன்.

முதல் இரண்டு நாட்களின் எண்களை இந்த நோட்டின் ஓரத்தில் குறித்துவைத்திருந்தேன், தேதியோடு, பழக்கத்தில். இன்று அவற்றைப் பேனாவால் அடித்தேன். அடியில் எண் தெரிந்தது. தெரியாத வரை அடித்தேன்.

இன்றைய செய்தி ஆறு நாற்பதுக்கு வந்தது. வாசித்தேன். நேற்றைவிடச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான் எழுதுவேன்.